பார்சலில் வந்த அடைமுட்டை

1898ஆம் வருஷத்து இந்திய அஞ்சலகச் சட்டத்தில் 19ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. எதையெல்லாம் தபாலில் அனுப்பக் கூடாது என்று சொல்லும் பிரிவு. வெடிமருந்து, அழுக்கு, நச்சுப் பொருள், உறை போடாத கூர்மையான கருவி என்று போய்க் கடைசியில் உயிருள்ள ஜந்துக்களுக்கு வருகிறது. அங்கே ஒரு சின்ன நெளிவு. எல்லா ஜந்துக்களையும் அது தடுக்கவில்லை. நச்சுள்ளது, மற்ற தபால்களையோ தபால்காரரையோ சேதப்படுத்தக் கூடியது, இவை மட்டும்தான் கூடாது. 2023இல் நிறைவேறிய புதுச் சட்டம் அமலுக்கு வரும் வரை இந்த வாசகம்தான் நடப்பில் இருந்தது. கோழி முட்டையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அதாவது, நல்லா பேக் பண்ணியிருந்தால், அடைக்கு வைக்கும் முட்டையை மயிலாப்பூர் தபாலாபீஸுக்கு அனுப்புவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது 19ஆம் நூற்றாண்டிலேயே பெரிய வியாபாரம். கோழிப் பத்திரிகைகளில் விளம்பரம் வரும். 13 முட்டை, 15 முட்டை என்று ஒரு கோழி அடைகாக்கும் அளவுக்கு ஒரு 'செட்' கணக்கு. ரயிலில் வரும், பிறகு பார்சல் தபாலிலும் வரும். அமெரிக்கத் தபால் துறை 1913இல் பார்சல் சேவையைத் தொடங்கி, 1918இல் ஒருநாள் வயதுக் குஞ்சுகளையே பெட்டியில் போட்டு அனுப்ப அனுமதித்தது. இன்றைக்கும் அங்கே தபாலாபீஸுக்குள் நுழைந்தால் கீச்சு கீச்சு என்று சத்தம் கேட்கும் நாட்கள் உண்டு.

மெட்ராஸில் அப்படி ஒன்று வேர் பிடிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டால் பலரும் சாலை, குலுக்கல், தபால்காரர் தூக்கிப் போடுவார் என்றெல்லாம் சொல்வார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் முக்கியமான காரணம் முட்டைக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு பெட்டைக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையை ஒரே நாளில் இடுவதில்லை. நாளைக்கு ஒன்று, நடுவில் ஒருநாள் விட்டு இன்னொன்று என்று இரண்டு வாரம் இழுக்கும். ஆனால் குஞ்சுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நாளில் வெளியே வரும். முதல் முட்டை கடைசி முட்டைக்காகக் காத்திருந்தால்தான் இது நடக்கும். அப்படித்தான் காத்திருக்கிறது. இடும்போதே மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். கோழியின் உடம்புக்குள் ஒருநாள் சூட்டில் இருந்ததால் பல ஆயிரம் செல்களாக ஏற்கனவே பிரிந்துவிட்ட கரு அது. வெளியே வந்து ஆறியதும் அப்படியே தூங்கிவிடுகிறது. அடைக்கோழி உட்கார்ந்து மறுபடி சூடு ஏறும்போது விழித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பிறகு 21 நாள்.

எந்தச் சூட்டுக்குக் கீழே தூக்கம் என்பதுதான் விஷயம். சி. எல். எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1902இல் இதை அளந்து, சுமார் 20 அல்லது 21 டிகிரி செல்ஷியஸ் என்று எழுதினார். பிறகு வந்தவர்கள் இந்த எண்ணை 25, 27 வரைகூடத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். எல்லா உறுப்பும் ஒரே சூட்டில் தூங்குவதில்லை என்பதால் வரும் வித்தியாசம் அது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் சென்னைக்காரருக்குப் பதில் ஒன்றுதான். இங்கே ஜனவரி மாதத்து விடியற்காலையிலேயே சராசரியாக 21 டிகிரி இருக்கிறது. மே மாதப் பகலில் 37, 38. சென்னையில் முட்டைக்குத் தூக்கம் என்பதே கிடையாது. வருஷம் பூராவும் அரைத்தூக்கம்தான்.

இந்த அரைத்தூக்கம்தான் கொல்கிறது. கரு வளரத் தேவையான சூடு 37.5. 20க்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். நடுவில் 28, 30, 33 என்று கிடந்தால் கரு நிற்கவும் நிற்காது, ஒழுங்காக வளரவும் வளராது. ஒரு பகுதி முந்தும், இன்னொன்று பிந்தும். பகலில் கொஞ்சம் ஓடி ராத்திரி தளர்ந்து நிற்கும். நான்கைந்து நாள் இப்படிப் போனால், அதற்கப்புறம் எவ்வளவு நல்ல கோழியை உட்கார வைத்தாலும் அந்தக் கரு எழுந்திருக்காது. லண்டனில் மார்ச் மாதம் ரயிலேறும் முட்டைக்கு இந்தத் தொல்லையே இல்லை. வழி நெடுக வானமே அதற்கு ஐஸ்பெட்டி.

நம்மூர்க் கிழவிகளுக்கு எட்வர்ட்ஸைத் தெரியாது, ஆனால் விஷயம் தெரியும். அடைக்கு (கொங்குப் பக்கம் 'அவயத்துக்கு' என்பார்கள்) எடுத்து வைக்கும் முட்டையைச் சமையலறையில் வைக்க மாட்டார்கள். ஈர மணலில் மண்பானையைப் பாதி புதைத்து, அதற்குள் வைத்து, வாயில் துணி கட்டி, மணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. காற்று வறண்டிருந்தால் உள்ளே நாலைந்து டிகிரி குறையும். கோயம்புத்தூர், கரூர்ப் பக்கத்து வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவு பலன் இராது. அடை வைக்கும் கூடையில் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, வற்றல் மிளகாய் போடுவதும் உண்டு. இடிக்குப் பயந்து செய்வது. அதற்கும் பொரிப்புக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பானை வேறு விஷயம். அது அனுபவம்.

குளிரை விலைக்கு வாங்க முடியாதா? மெட்ராஸ் அதையும் செய்து பார்த்த ஊர்தான். மெரினாவில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ், 1842 வாக்கில் பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி கட்டியது. அமெரிக்கக் குளங்களில் அறுத்த பனிக்கட்டி, மரத்தூளில் புதைத்து, கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து இறங்கியது. துரைமார் வீட்டுச் சாராயத்துக்கும் ஜுரம் கண்டவர் நெற்றிக்கும் போனது.

அதே ஐஸ், வேறொரு முட்டையை உலகத்தின் அடுத்த கோடிக்குக் கொண்டு சேர்த்தது. 1864இல் 'நார்போக்' என்ற கப்பல் சால்மன், டிரவுட் மீன் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, ஐஸ் அறையில் வைத்து, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனது. மூன்று மாதப் பயணம். அங்கிருந்து டாஸ்மேனியாவுக்குப் போய்க் குஞ்சு பொரித்தன. நம் மாகாணத்திலும் அந்த ஆசை இருந்தது. மெட்ராஸ் ராணுவ டாக்டரும் மீன் ஆராய்ச்சியாளருமான பிரான்சிஸ் டே, அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1863இல், நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். எச். சி. வில்சன் என்பவர் 1906க்குப் பிறகு விடாமல் முயன்று, அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து, அதைச் சாதித்தார். ஊட்டிப் பக்கத்து ஓடைகளில் இன்றும் டிரவுட் இருக்கிறது.

அப்படியானால் கோழி முட்டையையும் ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருக்கலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. முடியாது. டிரவுட் முட்டை கிட்டத்தட்ட உறைநிலைத் தண்ணீரில் மாதக்கணக்கில் மெதுவாக வளரும் ஜாதி. கோழி முட்டை தூங்கும், ஆனால் நெடுநாள் தூங்காது. 15 முதல் 18 டிகிரியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் போனால் பொரிப்பு குறைய ஆரம்பிக்கும். மூன்று வாரம் தாண்டினால் மிச்சம் ரொம்பக் கொஞ்சம். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பிறகும் லண்டனிலிருந்து மெட்ராஸுக்குக் கப்பல் மூன்று, நான்கு வாரம் எடுத்தது. கணக்கு சரிப்படவே இல்லை.

அதனால் முட்டைக்குப் பதிலாகக் கோழியே பயணம் செய்தது. இன்னும் சரியாகச் சொன்னால், சேவல். இந்த நூற்றாண்டுக் கோழி வரலாற்றை எழுதுபவர்கள் இதை ஏதோ சாதாரணத் தகவலாகத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஒரு வெள்ளை லெகான் சேவல், ஒரு தெருவில் இருக்கும் நாட்டுக்கோழிகளின் முட்டைகளையெல்லாம் பாதி லெகான் ஆக்கிவிடும். முட்டை அந்தத் தெருவை விட்டு நகரவே வேண்டாம். இடுகிற கோழியே அடையும் காக்கும். பயணமும் இல்லை, வெயிலும் இல்லை.

மார்த்தாண்டத்தில் நடந்தது இதுதான். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம், இப்போது கன்னியாகுமரி மாவட்டம். ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை 1920களில் அங்கே நடத்தியவர் டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். (ஆங்கிலத்தில் 'ஹாட்ச்' என்றால் குஞ்சு பொரித்தல். நான் கட்டிவிட்ட கதை இல்லை, நிஜமாகவே அவர் பேர் அதுதான்.) இந்தக் கிராமப் பணிக்கு வித்திட்டவர் சேலத்துக்காரரான கே. டி. பால். தேனீ, கோழி, நெசவு என்று சிறு வருமானத் தொழில்களைப் பிடித்துக்கொண்டது அந்த மையம். நல்ல இனச் சேவலை ஊருக்குள் விட்டார்கள். உள்ளூர்ப் பெட்டையோடு கலந்து முட்டையின் அளவும் எண்ணிக்கையும் கூடியது. முட்டை விற்கக் கூட்டுறவும் வந்தது. ஹாட்ச் 1932இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த அனுபவத்தை எழுதியிருக்கிறார். மார்த்தாண்டம் என்றதும் இன்று எல்லாருக்கும் தேன்தான் ஞாபகம் வருகிறது. முட்டைக்கும் அதே வீட்டில்தான் பிறப்பு.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமும் இதே வழியில்தான் போனது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் (1956–61) அகில இந்தியக் கோழி வளர்ச்சித் திட்டம் வந்தது. வெளிநாட்டு இனங்களை வைத்துப் பெருக்கப் பெரிய வட்டாரப் பண்ணைகள் ஐந்து, அவற்றுக்குக் கீழே ஊர்ப்பக்கத்து விரிவாக்க மையங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கமான சர்க்கார் அடுக்கு மாதிரி தெரியும். ஆனால் அடைமுட்டையின் கண்ணால் பாருங்கள். பண்ணைக்கும் குடியானவர் வீட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஒருநாள் பயணத்துக்குள் கொண்டுவரும் ஏற்பாடு அது. காலையில் மையத்தில் வாங்கிய முட்டை சாயந்திரம் கோழிக்கு அடியில் போய்விடும்.

தென்சென்னையிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. தி. நகருக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே நந்தனம். 'நந்தன' வருஷத்தில் (1952–53) உருவானதால் ராஜாஜி வைத்த பெயர் என்று சொல்வார்கள். அங்கே இருந்த கோழி ஆராய்ச்சி நிலையம் பிற்பாடு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் (1989) கீழ் வந்தது. இப்போது மாதவரம் பால் பண்ணைப் பக்கம் போய்விட்டது. ஆனால் பெயர் மட்டும் நந்தனத்தை விடவில்லை. 'நந்தனம் கோழி', 'நந்தனம் காடை', 'நந்தனம் வான்கோழி' என்று அவர்கள் உருவாக்கிய ரகங்களை இன்றும் திருநெல்வேலியிலும் தர்மபுரியிலும் அதே பேரில்தான் கேட்டு வாங்குகிறார்கள். அண்ணாசாலையில் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நிற்பவர்களுக்கு, ஒரு கோழியின் ஊர்ப்பெயருக்கு மேல்தான் நிற்கிறோம் என்று தெரிந்திருக்காது.

இந்த மாதிரி நிலையங்களும் பிறகு வந்த தனியார் பொரிப்பகங்களும் சேர்ந்து பயணத்தின் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துவிட்டன. முட்டையைக் குளிர் அறையில் வைத்து, பெரிய இன்குபேட்டரில் பொரித்து, குஞ்சாகவே அனுப்பினார்கள். பொரிவதற்குச் சற்று முன் குஞ்சு மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு, மூன்று நாளுக்குத் தாங்கும். தீனி, தண்ணீர் இல்லாமலே பயணம் போகலாம். முட்டையைக் கொல்லும் 33 டிகிரி, ஒருநாள் குஞ்சுக்கு இதமான சூடு. சென்னை வெயில் முதல் தடவையாக வியாபாரிக்கு உதவி செய்தது இங்கேதான். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு ரயிலிலும் பஸ்ஸிலும் குஞ்சு போக ஆரம்பித்த பிறகு, அடைமுட்டையை அனுப்புவது பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கடை முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக வரும் முட்டை எவ்வளவு வெயிலிலும் ஓரளவு தாங்குகிறதே, அது எப்படி? கூண்டுக்கோழியோடு சேவல் இல்லை. முட்டையில் கருவே கூடவில்லை. விழிப்பதற்கு உள்ளே ஆளில்லாததால்தான் அது நல்ல பயணி. அதை வாங்கி பல்பு போட்டுக் குஞ்சு பொரிக்கப் பார்க்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்படி முடிந்துபோன கதை, பத்துப் பதினைந்து வருஷமாக மறுபடி ஆரம்பித்திருக்கிறது. நாட்டுக்கோழி மேல் வந்த பிரியம் ஒரு காரணம். சிறுவிடை, பெருவிடை, கடக்நாத் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். நாலு கோழி வளர்க்கும் ஆளிடம் குஞ்சு பொரிப்பகம் கிடையாது, முட்டைதான் உண்டு. செல்போனில் பேசி, பணம் அனுப்பி, உமியும் காகிதமும் வைத்துக் கட்டிய பெட்டி ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறது. மந்தைவெளியிலும் அடையாறிலும் மொட்டைமாடிகளில் தெர்மோகோல் பெட்டி இன்குபேட்டர் ஓடுகிறது. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குச் சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, பல்பு ரெண்டு. (குண்டு பல்பு கிடைப்பதே இப்போது பாடு. எல்.இ.டி. வெளிச்சம் தருமே தவிர முட்டைக்குப் போதிய சூடு தராது.)

பெட்டி வந்ததும் உடனே உள்ளே வைக்கக் கூடாது. குலுங்கி வந்த முட்டையில் அகன்ற பக்கத்துக் காற்றறை பெயர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். அகன்ற பக்கம் மேலாக நிறுத்தி 12 மணி நேரமாவது, முடிந்தால் ஒருநாள், ஓய்வு தர வேண்டும். அதையும் முடிந்தவரை குளிர்ந்த அறையில். சென்னை வெயிலில் சும்மா கிடப்பது ஓய்வு ஆகாது. பிறகு 37.5 டிகிரி, ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது திருப்புதல், 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தை ஏற்றுதல். பெசன்ட் நகர் கடற்கரையில் ராத்திரி நடந்து பங்குனி ஆமை முட்டையைப் பொரிப்பிடத்துக்கு மாற்றும் மாணவர்களைக் (1988இலிருந்து ஓர் அமைப்பாகச் செய்கிறார்கள்) கேட்டால் நேர் எதிராகச் சொல்வார்கள். ஆமைக் கரு இட்ட சில மணி நேரத்தில் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் திருப்பினால் செத்தது. கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் செத்தது. இரண்டையும் அடையாறு ஆற்றுக்குத் தெற்கே ஒரே ஊர்க்காரர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். சண்டை அன்றைக்குத்தான். மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு சித்திரை மாதத்தில் 12 சிறுவிடை முட்டை வரவழைத்தார். நாலில் நரம்பு ஓடியது. இரண்டில் சிவப்பு வளையம், அதாவது ரத்த ஓட்டம் தொடங்கிச் செத்தது. ஆறு வெறும் வெளிச்சம். போன் போட்டார்.

"அண்ணே, பாதிக்குப் பாதி கூமுட்டைண்ணே. சேவலே இல்லாத முட்டையை ஏத்திவிட்டீங்களா?"

"தம்பி, அதே கூட்டு முட்டை இங்க ரெண்டு கோழிக்கு அவயம் வச்சிருக்கேன். எல்லாத்துலயும் கரு ஓடுது. வேணா வீடியோ அனுப்பறேன்."

ரெண்டு பேரும் நிஜத்தைத்தான் சொன்னார்கள். வெளிச்சம் தெரிந்த முட்டைகளை உடைத்துப் பார்க்கச் சொன்னேன். கரு கூடாத முட்டையில் பொட்டு சின்னதாக, கெட்டி வெள்ளையாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். கூடி, வழியில் விழித்து, செத்த முட்டையில் அது வட்டமாகப் பரந்து வெளுத்துக் கிடக்கும். ஆறில் ஐந்து அந்த ரகம். டார்ச் வெளிச்சத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இந்த வியாபாரத்தில் எத்தனை யோக்கியமான ஆட்கள் இதனால் கெட்ட பேர் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி பஸ்ஸில் என்னவோ குளிர்தான். ஆனால் பெட்டி போவது எஞ்சின் பக்கத்து டிக்கியில். காலையில் இறங்கி, பார்சல் ஆபீஸ் தகரக் கொட்டகையில் மத்தியானம் வரை கிடந்து, பிறகு மயிலாப்பூர் வரும். பஸ் நிலையம் கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு அந்தக் கடைசித் தூரமும் கூடிவிட்டது.

அந்த அண்ணன் இப்போது கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் முட்டை ஏற்றுகிறார். இட்டு மூன்று நாளுக்கு மேலான முட்டையைச் சேர்ப்பதில்லை. ஏற்றும் வரைக்கும் ஈர மணலில் பானை.